வெந்த பாஸ்தா ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?
ஊட்டச்சத்து ஆலோசகரின் பதில்

11 வயது மகனுக்கு டைப் 1 நீரிழிவு இருப்பது தெரியவந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறார் ஒரு தாய். மகன் சாப்பிடும் ஒவ்வொரு 15 கிராம் மாவுச்சத்துக்கும் 1 யூனிட் இன்சுலின் என்பது மருத்துவர் கொடுத்த கணக்கு. மற்ற உணவுகளில் கை பழகிவிட்டது, பாஸ்தா மட்டும் ஏமாற்றுகிறது என்கிறார். மருத்துவமனையில் கொடுத்த அட்டவணையில் ‘வெந்த பாஸ்தா, மூன்றில் ஒரு கப், 15 கிராம் மாவுச்சத்து’ என்று இருக்கிறது. அதை நம்பி ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் இருந்த காபி மக் நிறைய நூல் வடிவ பாஸ்தாவான ஸ்பகெட்டி எடுத்து, 45 கிராம் என்று கணக்கிட்டு 3 யூனிட் கொடுத்திருக்கிறார். சீஸ் சாஸோடு சாப்பிட்ட பையனுக்குத் தூங்கப்போகும் நேரத்தில் சர்க்கரை 260-ஐத் தாண்டியது.

அடுத்த வாரம் தராசு வாங்கினார். குழாய் வடிவ பாஸ்தாவான பென்னேயை, வெந்த பிறகு 150 கிராம் நிறுத்தார். பாக்கெட்டில் ‘100 கிராமில் மாவுச்சத்து 75 கிராம்’ என்று இருந்ததால், 112 கிராம் என்று வந்தது. அதற்கு ஏழரை யூனிட் வேண்டும். ‘இதுவரை நாலு யூனிட்டுக்கு மேல் போட்டதே இல்லையே’ என்று கை தயங்கி, 5 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 58. பழச்சாறு கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். ‘ஒரு கப் வெந்த பாஸ்தா எத்தனை கிராம்? போனில் இருக்கும், அளவுகளை மாற்றித் தரும் செயலி 240 கிராம் என்கிறது. அந்த ஒரே ஒரு சரியான எண்ணைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாஸ்தாவையே வீட்டில் நிறுத்திவிடுகிறேன்’ என்று முடிகிறது கடிதம். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது என்று கணவர் சொல்வதாகவும், நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் மாவுச்சத்து போய்விடும் என்று யாரோ சொன்னதாகவும் நடுவில் ஒரு வரி இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த ஏழரை யூனிட்டைப் பார்த்து உங்கள் கை தயங்கியதே, அதைப் பற்றி. அன்று உங்கள் மகன் சாப்பிட்டது ஏறத்தாழ 46 கிராம் மாவுச்சத்து. தேவைப்பட்டது 3 யூனிட். ஏழரையையும் போட்டிருந்தால் பழச்சாறோடு முடிந்திருக்காது. கணக்கு ஒன்று சொல்ல, பழகிய கண் வேறொன்று சொன்னால், கொடுப்பதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும். நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். இனியும் அப்படியே செய்யுங்கள். சாப்பாட்டு இன்சுலினின் அளவு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வந்தால், முதலில் எண்ணைச் சந்தேகியுங்கள்.

உங்கள் பெருக்கல், வகுத்தல் எதிலும் பிழையில்லை. இரண்டு இரவுகளிலும் கணக்குக்குள் போன எண் வேறொரு பொருளுக்கு உரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

பாக்கெட் பேசுவது வேகாத பாஸ்தாவைப் பற்றி

வேகாத பாஸ்தா 100 கிராமில் தண்ணீர் சுமார் 10 கிராம்தான். மாவுச்சத்து 75 கிராம் அளவில் இருக்கும். அதையே வேகவைத்தால் தண்ணீரைக் குடித்து 240 கிராம் வரை ஆகிறது. கூடியது முழுக்கத் தண்ணீர். அந்த 75 கிராம் மாவுச்சத்து இப்போது 240 கிராமில் பரவிக் கிடக்கிறது. அதனால் வெந்த பாஸ்தா 100 கிராமில் இருப்பது சுமார் 31 கிராம். வெந்ததை நிறுத்துவிட்டு வேகாததற்கான எண்ணால் நீங்கள் பெருக்கியதால்தான் 46 இருக்க வேண்டிய இடத்தில் 112 வந்து நின்றது. இதே தவறைப் படித்தவர்கள், பல வருடம் பழகியவர்கள் செய்தும் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டில் பல நேரம் ‘வேகாத நிலையில்’ என்ற குறிப்பு கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

குறிப்பு இல்லாவிட்டாலும் எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சாதாரணக் கோதுமை பாஸ்தாவில், 100 கிராமுக்கு மாவுச்சத்து 70-லிருந்து 75 வரை இருந்தால் அது வேகாத பாஸ்தாவின் கணக்கு. 25-லிருந்து 31 வரை இருந்தால் வெந்ததன் கணக்கு. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் 100 கிராமுக்குப் பதிலாக 56 கிராம், அதாவது 2 அவுன்ஸ், ஒரு பரிமாறல் என்று போட்டு, மாவுச்சத்து 42 கிராம் அளவில் காட்டியிருப்பார்கள். அதுவும் வேகாததுதான். எந்தப் பாக்கெட்டாக இருந்தாலும் ‘சர்க்கரை’ என்று தனியாக 2, 3 கிராம் காட்டும் வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்சுலினுக்கு வேண்டியது மொத்த மாவுச்சத்து.

வேகவைத்த தண்ணீரை வடித்தால் மாவுச்சத்து போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கலங்குவது உண்மை, அதில் மாவு இருப்பதும் உண்மை. ஆனால் நல்ல பாஸ்தாவில் அப்படிப் போவது சில சதவீதம்தான். அதற்காக இன்சுலினைக் குறைக்கக் கூடாது.

கப் எதை அளக்கிறது?

இப்போது நீங்கள் கேட்ட அந்த ஒரே எண். அப்படி ஒரு எண் இல்லை. கேட்டதைத் தர முடியாததற்கு வருத்தம்தான், ஆனால் ஏன் இல்லை என்பது தெரிந்தால் உங்களுக்கு அது தேவைப்படாது.

உங்கள் போன் சொன்ன 240 கிராம், ஒரு கப் தண்ணீரின் எடை. கப்புக்குள் இருப்பது தண்ணீர் என்று அந்தச் செயலி எடுத்துக்கொண்டது. 240 மில்லி தண்ணீர் 240 கிராம் இருக்கும், பாஸ்தா இருக்காது. ஒரு கப்பில் பென்னேயைப் போட்டு மேலிருந்து பாருங்கள். குழாய்களுக்கு உள்ளே காற்று, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் காற்று. அந்தக் கப்பில் பாதிக்கும் மேல் வெறும் இடம். ஸ்பகெட்டி அப்படியில்லை, நெளிந்து படுத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கரண்டியால் ஒருமுறை அழுத்தினால் இன்னும் அடங்கும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி எடை தருகிறது. அழுத்தாமல் நிரப்பிய ஒரு கப் வெந்த பென்னே 107 கிராம். திருகு வடிவ ரொட்டினியும், வண்ணத்துப்பூச்சி வடிவ ஃபார்ஃபல்லேயும் அதே 107. வளைந்த எல்போ மக்ரோனி 120. ஸ்பகெட்டி 124. அதே ஸ்பகெட்டியை அழுத்தி நிரப்பினால் 151. மாவுச்சத்தில் பார்த்தால் பென்னே கப்பில் 33 கிராம், அழுத்திய ஸ்பகெட்டி கப்பில் 47 கிராம். இரண்டும் ‘ஒரு கப் பாஸ்தா’தான். நடுவில் இருப்பது உங்கள் மகனுக்குக் கிட்டத்தட்ட 1 யூனிட்.

உங்கள் அட்டவணையின் ‘மூன்றில் ஒரு கப், 15 கிராம்’ என்பது நெருக்கமாக நிரம்பிய கப்புக்குச் சரியாக வரும். பென்னேக்கு அது அதிகம். அதை நம்பி இரண்டு கப் பென்னேக்கு 90 கிராம் என்று போட்டால், உண்மையில் இருப்பது 66. அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டாம், அவசரத்துக்கு நினைவில் வைத்துக்கொள்ளச் சுருக்கிய எண் அது. அதன் மேல் அரை யூனிட் துல்லியத்தை ஏற்றக் கூடாது.

கப்பின் அளவும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கச் சமையல் கப் ஏறத்தாழ 237 மில்லி, பாக்கெட் கணக்கில் 240, மெட்ரிக் கப் 250, ஜப்பானில் 200. இவற்றில் எதுவும் உங்கள் வீட்டுக் காபி மக் இல்லை. அதில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். அதில் 330 மில்லி பிடித்தால், அழுத்தி நிரப்பிய ஸ்பகெட்டி 200 கிராமைத் தாண்டும், மாவுச்சத்து 65 வரை போகும். நீங்கள் 45-க்குக் கொடுத்தீர்கள். 260-க்கு இதுவே போதுமான காரணம். அதோடு சீஸின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, ஏற்றத்தைத் தூங்கும் நேரத்துக்குத் தள்ளியிருக்கும்.

இன்னொரு சின்னக் குழப்பமும் பலருக்கு வருகிறது. சமையல் குறிப்பில் ‘8 அவுன்ஸ் பாஸ்தா’ என்று இருந்தால் அது எடை, 227 கிராம், அதுவும் பெரும்பாலும் வேகாதது. கப்பில் சொல்லும் 8 அவுன்ஸ் திரவ அளவு. ஒரே பெயர், வேறு பொருள்.

பானையையே நிறுத்துவிடுங்கள்

நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த வழிதான். மாவுச்சத்து எவ்வளவு என்பது வேகாத பாஸ்தாவில் உறுதியாகத் தெரிகிறது. தண்ணீர் எவ்வளவு குடிக்கும் என்பதுதான் தெரியாது. அதனால் தெரிந்த எண்ணிலிருந்து தொடங்கி, தண்ணீரைத் தராசே சொல்லும்படி விட்டுவிடுகிறோம்.

வீட்டில் எல்லோருக்குமாக 400 கிராம் வேகாத பாஸ்தா போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் கணக்கில் மொத்த மாவுச்சத்து 300 கிராம். வேகவைத்து நன்றாக வடித்து, எடை தெரிந்த பாத்திரத்தில் கொட்டி நிறுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை பார்த்து அடியில் எழுதி ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். பாத்திரத்தின் எடை போக 920 கிராம் வருகிறது. 300-ஐ 920-ஆல் வகுத்தால் 0.326. அன்றைய பானைக்கு அதுதான் உங்கள் எண். மகனின் தட்டைத் தராசில் வைத்துச் சுழியாக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, பாஸ்தாவைப் போடுங்கள். 140 கிராம் விழுந்தால், 140 × 0.326, ஏறத்தாழ 46 கிராம் மாவுச்சத்து.

அன்று ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்து 1,000 கிராம் ஆகிவிட்டதா? எண் 0.30 ஆகும், அதே 140 கிராமில் 42. சற்று விறைப்பாக இறக்கி 840 கிராம்தான் வந்ததா? எண் 0.357, தட்டில் 50. நீங்கள் எப்படி வேகவைத்தாலும் கணக்கு அதைப் பின்தொடர்ந்து வருகிறது. அந்தப் பிராண்டை, அந்த வடிவத்தை, அதே நிமிடக் கணக்கில் மூன்று நான்கு முறை செய்துவிட்டால் எண் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பிறகு பானையை நிறுக்கவே வேண்டியிருக்காது, தட்டை நிறுத்தால் போதும். ஸ்பகெட்டிக்கு ஒன்று, பென்னேக்கு ஒன்று என்று டப்பாவின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தவரை சாஸ் சேர்ப்பதற்கு முன்பே நிறுங்கள். சாஸோடு பிரட்டித்தான் இறக்குவீர்கள் என்றால், பிரட்டிய பிறகு முழுப் பாத்திரத்தையும் நிறுங்கள். மொத்தம் 1,500 கிராம், மகனுடைய தட்டில் 230 கிராம் என்றால், அவனுக்குப் போவது 1,500-இல் 230 பங்கு. பாஸ்தாவின் 300 கிராம் மாவுச்சத்தில் அந்தப் பங்கு 46. சாஸில் மாவோ சர்க்கரையோ இருந்தால் அதன் மாவுச்சத்தையும் முதலிலேயே 300-உடன் கூட்டிக்கொண்டு பிறகு பங்கிடுங்கள். மீதியை மறுநாள் சாப்பிட்டாலும் இதே பங்குதான். சாஸில் ஊறி ஊதிப்போயிருக்கும், பார்க்க நிறையத் தெரியும். உள்ளே மாவுச்சத்து கூடவில்லை. குளிரவைத்த பாஸ்தாவில் எளிதில் செரிக்காத மாவு சற்றுக் கூடும் என்பது உண்மைதான், இன்சுலினைக் குறைக்கும் அளவுக்கு அதை நம்ப வேண்டாம்.

முழுக்கோதுமை, பயறு, குளூட்டன் இல்லாத வகைகளுக்கு இந்த 75, 31 பொருந்தாது. வழி அதேதான், தொடக்க எண்ணை மட்டும் அந்தந்தப் பாக்கெட்டிலிருந்து எடுங்கள். ஈரத்தோடு விற்கும் புதிய பாஸ்தாவும் அப்படியே. அதில் ஏற்கெனவே தண்ணீர் அதிகம், வேகும்போது குறைவாகத்தான் கனக்கும்.

தராசு இல்லாத இடத்தில்

உறவினர் வீட்டில், பள்ளி விழாவில் பையைத் திறந்து தராசை வைக்க முடியாது. அங்கே கப்பே போதும். வீட்டிலிருக்கும்போது ஒரு நாள், அவன் வழக்கமாகச் சாப்பிடும் 140 கிராமைத் தட்டில் வைத்து அவனையே பார்க்கச் சொல்லுங்கள். குழிக்கரண்டியால் எத்தனை கரண்டி என்று எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கண் சீக்கிரம் பழகும். பென்னே மாதிரி குழாய், திருகு வடிவங்களுக்கு அழுத்தாத ஒரு கப் 33 கிராம், ஸ்பகெட்டிக்கு 38 என்று இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் வெளியில் போதுமானது.

கணவர் சொன்னதற்கும் இங்கே பதில் இருக்கிறது. அவர் சொல்வதில் பாதி சரி. ஒரு சாப்பாட்டில் 10 கிராமுக்குள் பிசகினால் பெரும்பாலும் உடல் தாங்கிக்கொள்ளும், அதற்காக நீங்கள் கிராம் கிராமாக வேதனைப்பட வேண்டாம். 20 கிராம் பிசகினால் சர்க்கரையில் தெரியும். தராசில் நிறுத்து, 100 கிராமுக்கு 31 என்ற பொது எண்ணைப் போட்டாலே பிழை பெரும்பாலும் 10 கிராமுக்குள் அடங்கிவிடும். மக்கில் அளந்தால் அடங்காது. உங்கள் வீட்டு வாதத்தை நான் தீர்க்க வேண்டும் என்றால், இந்த இடத்தில் கோட்டைப் போடுவேன்.

மருத்துவரிடம் பேச வேண்டியவை

அந்த இரண்டு இரவுகளின் 260-ஐயும் 58-ஐயும் காட்டி 15-க்கு 1 என்ற விகிதத்தை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த விகிதம் தவறா சரியா என்பது அந்த எண்களில் தெரியவே தெரியாது, உள்ளே போன கிராம் கணக்கே வேறு. பாஸ்தாவைச் சரியாக நிறுத்துக் கொடுத்த மூன்று நான்கு வேளைகளைக் குறித்துக்கொண்டு போங்கள். சாப்பிடும் முன், 2 மணி நேரம் கழித்து, தூங்கும் முன் என்று சர்க்கரை அளவுகளோடு. அப்போதும் ஏறினாலோ இறங்கினாலோ விகிதத்தைப் பற்றிப் பேசலாம்.

சீஸ் சாஸ் போன்ற கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கு எப்போது, எப்படி இன்சுலின் கொடுப்பது என்று தனியாகக் கேளுங்கள். பாஸ்தாவே மெதுவாகச் செரிப்பது. மாவைச் சுற்றிப் புரதம் வலைபோலப் பின்னியிருப்பதால், அதிகம் குழையாத பாஸ்தாவிலிருந்து சர்க்கரை நிதானமாகத்தான் ரத்தத்தில் இறங்கும். கொழுப்பும் சேர்ந்தால், முதல் 2 மணி நேரத்தில் தாழ்ந்து பிறகு ஏறுகிற பிள்ளைகள் உண்டு. இதற்கு நான் எழுத்தில் யூனிட் சொல்ல முடியாது. உங்கள் மகனைப் பரிசோதிக்கும் குழு சொல்ல வேண்டியது அது. சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் எவ்வளவு பழச்சாறு அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து எப்போது திரும்பக் கொடுப்பது என்பதையும், அவன் வயதுக்கும் எடைக்கும் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். அன்று பதற்றத்தில் சரியாகவே செய்தீர்கள். அடுத்த முறை வீட்டில் நீங்கள் இல்லாமலும் இருக்கலாம்.

பாஸ்தாவை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த எட்டு மாதத்தில் அவன் ஏற்கெனவே எவ்வளவோ விட்டுக்கொடுத்திருப்பான். மெதுவாகச் செரிக்கிற, கணக்குப் போட எளிதான உணவு ஒன்றை அளவுக் கப்பின் குற்றத்துக்காக அவனிடமிருந்து எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுப்பது எல்லாம் சமையலறையிலேயே முடியட்டும். தட்டு மேசைக்கு வந்த பிறகு, மற்றவர்கள் பார்க்க அதிலிருந்து இரண்டு கரண்டி திரும்ப எடுக்காதீர்கள். அவனுக்கு விருப்பமிருந்தால் தராசின் பொத்தானை அவனே அழுத்தட்டும், வகுத்தலையும் அவனே போடட்டும். 11 வயதுக்கு அது முடியும்.

இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவன் தட்டை நீட்டினால், அன்றைய எண் பானையின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 50 கிராம் போட்டால் 16 கிராம் மாவுச்சத்து, அவன் விகிதத்தில் 1 யூனிட்டுக்குச் சற்று மேல். இப்படி இரண்டாம் முறை சாப்பிடும்போது அதை எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்று இந்த மாதப் பரிசோதனையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, போடுங்கள்.